டையூவிலிருந்து இரண்டரை மணி நேரம்

எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. தூத்துக்குடிக்கு ஓட வேண்டும், இல்லையென்றால் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டும். ஆனாலும் எங்கள் கடற்கரையில் விமானத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மீன் விலை பேசுகிற வாயாலேயே மஸ்கட்டுக்கு எத்தனை மணிக்கூர், தம்மாமுக்கு எத்தனை மணிக்கூர் என்று பேசிக்கொள்வார்கள். அவர்கள் சொல்லும் நேரம், விமானம் தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொடுகிற வரைக்கும் உள்ள நேரம் மட்டும்தான். இனயத்திலிருந்து கருங்கல் வந்து, களியக்காவிளை கடந்து, பாலராமபுரத்து நெரிசலில் நின்று வியர்த்து, வழியனுப்ப வந்த ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பெட்டியோடு வரிசையில் கால் கடுக்க நின்றதெல்லாம் கணக்கிலேயே வராது. துபாய் இன்னா, கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, நாலு மணிக்கூர் என்பார்கள். நான் குடியிருப்பது சுசீந்திரத்தில். பிறந்த ஊரான இனயத்துக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் எனக்கு அம்மா வீடும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.

இந்தக் கணக்கில் கரைகண்ட பண்டிதர் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பயணிகள் அங்கங்கே விட்டுப்போகிற தள்ளுவண்டிகளைச் சேர்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நீளமாகத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. அதில் ஒரு கேவலமும் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார், அக்காவுக்கு வீடு கட்டினார். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். தள்ளுவண்டியைத் தள்ளிய மனுஷன், ஊருக்கு வந்த பிறகு விமானத்தையே தள்ளி வானத்தில் ஏற்றிவிட்டது போலப் பேசுவார். அவர் பேசினால் ஊரில் நாலு பேர் வாய் பிளந்து கேட்பார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்வதற்கென்றே ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. அதுதான் அவருடைய வேதம். யார் எங்கே கிளம்புகிறார்கள் என்று காதில் விழுந்தாலும் போனை எடுத்து இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டுவார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பறக்க முக்கால் மணி நேரம்கூட ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு விமானம் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுதா இல்லியாங்கிறது வேற விஷயம் என்றார். எதிரே இருந்தவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளிடம் வாய் கொடுத்ததில் என் இலையில் சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். நானும் கடந்துதான் வந்தேன், அம்மா சாகும்வரை.

அம்மா போனது ஒரு பிற்பகலில். நெஞ்சைப் பிடிக்கிறது என்று சொன்னாளாம், தண்ணீர் கேட்டாளாம், செம்பு வாய்க்கு வருவதற்கு முன்பே போய்விட்டாள். அக்கா போன் செய்து அழுதபோது நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று பஸ்ஸையும் ஏறி இறங்கி வீடு சேர்ந்தபோது, அம்மாவைக் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. முகம் வாடிப் போகாமல், மத்தியானத்துக்குச் சற்றுக் கண்ணயர்ந்தவள் மாதிரித்தான் இருந்தாள்.

நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், கடைசியாகத் தம்பி. தம்பிக்கு குஜராத் பக்கம் ஆழ்கடல் விசைப்படகில் தொழில். வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்மஸுக்கு வருவான், சில வருஷம் அதற்கும் வரமாட்டான். கடலில் இருந்திருந்தால் சேதி சொல்லவே வழி இருந்திருக்காது. நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த வாரம் படகை இயந்திரப் பழுதுக்காகக் கரையில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். போன் கிடைத்தது. நான்தான் சொன்னேன்.

"அக்கா, நான் வந்து அம்மைக்க மொகத்தப் பாத்த பெறவு மூடுங்க. அதுக்கு முன்ன மூடிராதீங்க."

அவன் கேட்டது அவ்வளவுதான். சரி மக்கா என்று சொன்னேன்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஊரில் ஒரு மய்யம், அதாவது எடுக்காத பிணம், கிடந்தால் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. செத்தது யாராக இருந்தாலும் சரி, சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்தில் இறங்கும்வரை ஊர் முழுக்கத் தொழில் இல்லை. அதனால் ஊர்த் தலைவர் துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது, எப்போது எடுப்பீர்கள் என்றுதான். வெளியூர்க்காரர்களுக்கு ஈவிரக்கம் இல்லாத கேள்வியாகப் படும். எல்லா வீட்டு அடுப்பும் அந்தப் பதிலை நம்பி இருக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். பிள்ளை தூரத்தில் இருக்கிறது என்றால் ஊர் இரண்டு நாள்கூடக் காத்திருக்கும். முணுமுணுக்கும், ஆனால் காத்திருக்கும். நேரத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கோயில் மைக்கில் ஒருமுறை அறிவித்துவிட்டால் பிறகு அதை அசைக்க முடியாது. அதை வைத்துத்தான் பங்குச் சாமியார் பூசைக்கு வருவார், மற்ற ஊர்ச் சொந்தங்கள் வேன் பிடிக்கும், வள்ளக்காரர்கள் ஐஸும் டீசலும் ஏற்றுவார்கள்.

தலைவர் வந்தார், வழக்கம்போலக் கேட்டார். தம்பியோடு பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று நான் சொன்னேன். அதற்குள் அத்தான் போனை எடுத்துவிட்டார்.

தம்பிக்கு வழி தெரியாமல் இல்லை. அங்கே தொழில் பார்க்கிற நம்மூர்க்காரர்கள் அவசரம் என்றால் ராஜ்கோட் போய், பம்பாய்க்கு விமானம் ஏறி, அங்கிருந்து திருவனந்தபுரம் வருவார்கள். அப்படித்தான் வரப்போவதாகச் சொன்னான், மறுநாள் ராத்திரி ஆகிவிடும் என்றும் சொன்னான். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. எதற்காகத் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும் என்று கேட்டார். அவன் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே டையூவில் விமான நிலையம் இருக்கிறதே என்றார். இரண்டு பெயரையும் தட்டினார். டையூவிலிருந்து திருவனந்தபுரம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. போனைத் தலைவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார்.

"காலத்த கேறினா மத்தியானம் திருவனந்தபுரம், மூணு மணிக்கு வீட்டுல. நாலு மணிக்கு எடுத்திரலாம்."

டிக்கெட் எடுத்துக் கொடுங்கள் என்றேன். தேடினார். அப்படி ஒரு வழியே வரவில்லை. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது, கடற்கரையில் நெட் சரியாகக் கிடைப்பதில்லையாம். டிக்கெட்டை அங்கே கவுண்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்றார், ஏதோ வடசேரி பஸ் நிலையத்தில் நடத்துநரிடம் சீட்டு வாங்குவது போல. தம்பியோ, அக்காவின் கணவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழகாதவன். விமான நிலையத்திலேயே வேலை பார்த்தவர் சொல்கிறார் என்று டையூவுக்குக் கிளம்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் மைக் அலறியது. அம்மா பெயரைச் சொல்லி, மறுநாள் மாலை நாலு மணிக்கு அடக்கம் என்றது.

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. ஒரு மனுஷி மண்ணுக்குள் போகிற நேரத்தை, ஓடாத ஒரு விமானம் பறக்கிற நேரத்தைக் கொண்டு குறித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இங்கே அந்தச் சுரைக்காயை அறுத்து ஊர் முழுக்கப் பந்தி வைத்துவிட்டார்கள்.

காலையில் தம்பியிடமிருந்து அத்தான் போனுக்கு அழைப்பு வந்தது. அத்தான் முற்றத்தைத் தாண்டித் தென்னைக்குப் பக்கமாகப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். என்ன சொன்னான் என்று அக்கா கேட்டாள். ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றார். அது பொய்யில்லை. அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த பாதி உண்மையை முழு உண்மையாக எடுத்துக்கொண்டு வீடே பெருமூச்சு விட்டது. அக்கா தெம்பாகக் காப்பி போட எழுந்தாள். வாடகை ஃப்ரீசர் பெட்டிக்காரர் வந்து, வேறு ஊரில் இன்னொரு துக்க வீட்டில் கேட்கிறார்கள், நாலு மணிக்குத்தானே அடக்கம், கொண்டுபோகலாமா என்று கேட்டார். கொண்டுபோங்கள் என்றார் அத்தான். அம்மாவை எடுத்துக் குளிப்பாட்டி, புதுச் சேலை கட்டி, கையில் ஜெபமாலை சுற்றிச் சவப்பெட்டியில் கிடத்தினோம். வைகாசி வெயில். மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தோம்.

மத்தியானம் ஆயிற்று. இறங்கியிருக்க வேண்டுமே என்று நானே தம்பியைக் கூப்பிட்டேன். விமானம் இறங்கிய இடத்துச் சத்தம் எதுவும் இல்லை. ஹாரன் சத்தமும் இந்தியில் யாரோ கத்துவதும் கேட்டது.

"இஞ்ச அப்பிடி ஒரு பிளைட்டே இல்லன்னு காலத்தயே அத்தான்கிட்ட சொன்னேனே அக்கா. ராஜ்கோட்டுக்கு பஸ்ல போயிட்டிருக்கேன். நாளைக்குத்தான் வந்து எத்துவேன். அடக்கத்த நாளைக்கு மாத்தியாச்சுன்னாரே அத்தான், ஒங்ககிட்ட சொல்லலியா?"

கொல்லைப்புறத்தில் வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்த அத்தானிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது கனெக்ஷன் கிடைத்துவிடும் என்று நினைத்தாராம். மைக்கில் சொன்ன பிறகு மாற்றினால் ஊர் என்ன பேசும் என்று யோசித்தாராம். அவர் சொன்ன நேரம் தப்பு என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதற்காக என் தம்பிக்கு அம்மாவின் முகம் இல்லாமல் போகலாம். அவர் அப்போதும் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"தூரம் தப்பில்ல கேட்டியா. சரியாத்தான் போட்டிருக்கான்."

வாங்கிப் பார்த்தேன். தூரம் தப்பில்லைதான். தேசப்படத்தில் நூல் பிடித்து அளந்த தூரம். விமானத்தின் பெயர் இல்லை, கிளம்பும் நேரம் இல்லை, கட்டணம் இல்லை. கடைசியில் பொடி எழுத்தில், இது கணக்கிட்டுச் சொல்லும் நேரம் மட்டுமே, இந்த வழியில் விமானச் சேவை இருக்கிறது என்று பொருளல்ல என்று இங்கிலீஷில் நாகரிகமாகப் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவனுக்குக்கூட அவ்வளவு யோக்கியதை இருந்தது. போனை அத்தானிடம் கொடுக்காமல் நாற்காலி மேல் போட்டுவிட்டு, கோயில் பக்கம் நடந்தேன்.

தலைவர் கெட்ட மனுஷர் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"காலத்த சொல்லியிருந்தா நாளைக்கு வச்சிருப்போமே மக்கா. பெட்டியயும் விட்டிருக்க மாட்டோம்."

அவரே நாலைந்து இடத்துக்குப் போன் செய்து ஃப்ரீசர் பெட்டி கேட்டுப் பார்த்தார். குளச்சலில் இல்லை, கருங்கலில் இல்லை. நாகர்கோவிலிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவரலாம் என்றார்கள், அதுவும் ராத்திரிக்குத்தான் காலியாகுமாம். திரும்பி வீட்டுக்கு வந்தபோது அம்மா முகத்தின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. மூக்கோரத்தில் பஞ்சு நனைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு, காத்திருங்கள் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடியோவில் காட்டிவிடலாம் என்று அத்தான் யோசனை சொன்னார். அதையும் செய்து பார்த்தோம். பஸ்ஸில் போகிற தம்பிக்குப் படம் போகவில்லை, சுற்றிக்கொண்டே நின்றது. கோயிலில் பூசை முடிந்து, சாமியார் மந்திரித்து, கடைசி முத்தத்துக்காகப் பெட்டியைத் திறந்து வைத்தபோது மறுபடி கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்போது அவன் ராஜ்கோட்டிலிருந்து பம்பாய்க்குப் பறந்துகொண்டிருந்தான். எங்கள் ஊர்க் கணக்கில் சேர்கிற நேரம் அந்த ஒன்றுதான். அந்த நேரத்தில்தான் நாங்கள் அம்மாவின் முகத்தைத் துணியால் மூடினோம்.

அவன் போன் கிடைக்குமா என்று அதுவரை சாமியார் பொறுத்துப் பார்த்தார், ஊரும் பொறுத்துப் பார்த்தது. பொழுது சாய்கிற வரைக்கும் நின்றார்கள். அதற்கு மேல் வெளிச்சம் இல்லை. பெட்டிக்கு ஆணி அடிக்கும்போது, தம்பியிடம் சரி மக்கா என்று சொன்ன என் குரல் என் காதிலேயே விழுந்தது. நான் அழவில்லை. அழுதால் அத்தானும் பக்கத்தில் வந்து நின்று அழுவார் என்று பயமாக இருந்தது.

விடியும் முன்னே வள்ளங்கள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன.

தம்பி மறுநாள் மத்தியானம் வந்தான். திருவனந்தபுரத்தில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, வீட்டுப் பக்கமே வராமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்று யாரோ வந்து சொன்னார்கள். நானும் அக்காவும் ஓடினோம். எங்களுக்கு முன்பே அத்தான் அங்கே இருந்தார். கையில் போன் இல்லை, ஆனால் வாய் சும்மா இல்லை. பம்பாயில் ராத்திரி முழுக்க உட்கார வைத்துவிட்டான்கள் இல்லையா, இந்தச் சின்ன ஏர்போர்ட்டுகளுக்கு நேர் சர்வீஸ் விட்டால் இந்தக் கஷ்டம் உண்டா, அரசாங்கத்தைச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்திருந்தார். தம்பி அவரைத் திட்டுவான் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. அவன் திட்டவில்லை. அவர் பேசுவதே அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மீன் எண்ணெய் படிந்த அதே சட்டை, கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

கடற்கரை மணல் அது. மேட்டை நீளமாகக் குவித்து, மேலே மாலைகளைப் பரப்பியிருந்தார்கள். சிலுவை இன்னும் நடவில்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. தம்பி அதை ஒருமுறை சுற்றி வந்தான். மறுபடியும் சுற்றினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, தல எந்தப் பக்கம்?"

அத்தான் பேச்சை நிறுத்தினார். நான் போய் அந்த இடத்து மாலைகளை எடுத்து ஓரமாக வைத்துக் காட்டினேன். தம்பி அங்கே குப்புறப் படுத்து, மணலில் தன் முகத்தை வைத்துக்கொண்டான்.